1992 ஹொண்டா அக்கோர்ட்: முறிந்த பவர் அன்ரெனாவைத் திருத்துவதா, கழற்றி விடுவதா?

குளக்கட்டு எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 1992ஆம் ஆண்டு ஹொண்டா அக்கோர்ட் கார். அதன் பவர் அன்ரெனா, அதாவது பிளேயரைப் போட்டால் மோட்டாரால் தானே உயரும் வானொலிக் கம்பி, பின்புறத்து இடது மட்காட்டில், டிக்கி மூடிக்கு அருகில் பொருத்தப்பட்டிருக்கிறது. கடந்த கிழமை முற்றத்தில் காரைக் கழுவிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த வேளையில், பாலை மரத்திலிருந்து டிக்கியின் மேல் குதித்த குரங்கு ஒன்று, முழுதாக உயர்ந்து நின்ற கம்பியைப் பிடித்துத் தொங்கிவிட்டது. மேல் துண்டுகள் இரண்டும் முறிந்து விழுந்தன. எஞ்சிய துண்டு ஒரு சாண் அளவு வெளியே நீட்டிக்கொண்டு வளைந்து நிற்கிறது. இப்போது பிளேயரைப் போட்டால் டிக்கிக்குள் மோட்டார் 'கிறு கிறு' என்று சிறிது நேரம் சுற்றிவிட்டு ஓய்கிறது, நிறுத்தினாலும் அதே சத்தம் கேட்கிறது, ஆனால் கம்பி மட்டும் மேலேயும் போவதில்லை, கீழேயும் இறங்குவதில்லை.

எங்கள் வீடு ஒட்டுசுட்டானில் இருந்து முத்தையன்கட்டுப் பக்கமாக உள்ளே போக வேண்டும். மாங்குளம் சந்தியில் ஏறி ஏ9 வீதியில் கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரத்தைத் தாண்டும்போது எப்.எம். இந்த முறிந்த கம்பியிலும் தெளிவாகவே எடுக்கிறது. வீட்டுப் பக்கம் திரும்பினால் இரைச்சல்தான். அதைவிட, வவுனியாவில் கிளினிக்கிற்கு அப்பாவைக் கூட்டிச் செல்லும் காலை வேளைகளில் அவர் திருச்சி வானொலியைத்தான் கேட்பார். மத்திய அலையில் (ஏ.எம்.) இப்போது ஒன்றுமே எடுக்காததால் வழி நெடுக அவருடைய முறைப்பாட்டைத்தான் நான் கேட்கிறேன்.

காட்டிய கராஜில், இதெல்லாம் திருத்தும் சாமான் அல்ல, முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டையில் சின்ன ரப்பர் அன்ரெனா ஒன்றைப் பூட்டலாம் என்றார்கள். கம்பியை மட்டும் மாற்ற முடியுமா, அல்லது மோட்டாரோடு சேர்த்து முழு யூனிற்றையும் மாற்ற வேண்டுமா, இந்த வேலையை வீட்டில் செய்யலாமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பழைய றேடியோவை எடுத்துவிட்டுத் தொடுதிரைப் பிளேயர் போட்டிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பரந்தன் வயரிங் எழுதியது:

வணக்கம் தம்பி. எறிவதற்கு அவசரப்பட வேண்டாம். மோட்டார் இரண்டு முறையும், அதாவது போடும்போதும் நிறுத்தும்போதும் சுற்றுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே பாதி விடையைச் சொல்லிவிட்டது. மோட்டாரும், அதற்கு மின் கொடுக்கும் வயர்களும், மேலே கீழே என்று திசையை மாற்றிவிடும் ரிலேயும் உயிரோடு இருக்கின்றன. கெட்டிருப்பது கம்பியும், அதன் அடியில் தொடுத்திருக்கும் பல்லுள்ள நைலோன் வடமும்தான். இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தே தனியாக விற்பனைக்கு உண்டு.

முதலில் ஒன்றைச் செய்யுங்கள்: திருத்தும் வரைக்கும் அன்ரெனா மோட்டாரின் சொக்கட்டை டிக்கிக்குள் கழற்றி வையுங்கள். பிடிப்பில்லாமல் ஒவ்வொரு முறையும் சுற்றும் மோட்டாரில், உள்ளிருக்கும் பற்சில்லு நைலோன் பற்களை அரைத்துத் தூளாக்கிக்கொண்டிருக்கும். அந்தத் தூளும் துண்டும் உள்ளே தேங்கினால் பிறகு யூனிற்றைத் திறக்க வேண்டி வரும். இப்போதே திறக்கும் நிலைக்கு வந்திருக்கவும் கூடும், அது கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

இது இயங்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் வேலை இலகு. யூனிற்றுக்கு மூன்று வயர்கள் வரும். ஒன்றில் பற்றரியில் இருந்து எப்போதும் 12 வோல்ட் இருக்கும், இன்னொன்று உடம்போடு சேரும் ஏர்த், மூன்றாவது வானொலியில் இருந்து வரும் கட்டளை வயர். வானொலியைப் போட்டால் கட்டளை வயரில் 12 வோல்ட் வரும், மோட்டார் வடத்தை மேலே தள்ளும். நிறுத்தினால் அந்த மின் போய்விடும், எப்போதும் மின் உள்ள வயரின் உதவியோடு மோட்டார் மறுபக்கம் சுற்றிக் கம்பியை உள்ளே இழுக்கும். வானொலியை நிறுத்திய பின்னும் கம்பி இறங்குவதற்கு அந்த நிரந்தர மின்தான் காரணம். சிலர் வயரிங் செய்யும்போது இரண்டையும் இக்னிசனில் சேர்த்துவிடுவார்கள், பிறகு சாவியை எடுத்தவுடன் கம்பி பாதியில் நின்றுவிட்டது என்று வருவார்கள்.

புதிய கம்பி வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்க வேண்டும். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கேட்டால் 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்று ஒன்றைத் தருவார்கள். அதை நம்பி வாங்காதீர்கள். வடத்தின் பருமன், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள இடைவெளி, வடத்தின் நீளம், கம்பியின் அடியில் இருக்கும் பித்தளைப் புஷ்ஷின் அளவு ஆகிய நான்கும் சரியாக இருந்தால்தான் பிடிக்கும். பற்களின் இடைவெளி சிறிது பிசகினாலும் நாலு நாள் ஏறி இறங்கிவிட்டுப் பிறகு வழுக்கத் தொடங்கும். இன்னொரு கதையும் நம் பக்கம் உலவுகிறது, புல்லு வெட்டும் இயந்திரத்தின் நைலோன் நூலை வடத்துக்குப் பதிலாகப் போடலாம் என்று. அதில் பல் இல்லை, உங்கள் யூனிற்றில் அது வேலை செய்யாது.

கழற்றும் முறை இதுதான். கம்பியைச் சுற்றி மட்காட்டின் மேல் ஒரு நட் இருக்கும். வட்ட நட்டாக இருந்து இரு பக்கமும் சிறு வெட்டு இருந்தால், சேர்க்ளிப் கழற்றும் கூர்மூக்குக் குறட்டை அந்த வெட்டுகளில் ஊன்றித் திருப்பலாம். சுற்றிலும் மாஸ்கிங் ரேப் ஒட்டிக்கொண்டு செய்யுங்கள், குறடு வழுக்கினால் பெயின்ற் போய்விடும். முப்பது வருடம் பழகிய நட் இலேசில் அசையாது. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு வையுங்கள். நட் வந்ததும் மோட்டாரின் சொக்கட்டை மீண்டும் பூட்டிவிட்டு, நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் உள்ளே இருந்து வானொலியைப் போட வேண்டும். மோட்டார் சுற்றும்போது மெல்ல மேலே இழுத்தால் வடம் முழுவதும் வெளியே வந்துவிடும். வெளியே வரும் அந்த வேளையில் பற்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வருகின்றன என்பதைக் கண்ணால் பார்த்து, ரேப்பில் ஓர் அம்புக்குறி போட்டுவையுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான் புதியதைப் போட முடியாமல் அரை நாள் மல்லுக்கட்டுவார்கள்.

புதியதைப் போடும்போது கம்பியை முழுதாக நீட்டி வைத்து, வடத்தின் நுனியை அதே பக்கம் பார்க்கக் குழாய்க்குள் விட்டு, அடியில் தட்டுப்படும் வரை தள்ளுங்கள். இப்போது உள்ளே இருப்பவர் வானொலியை நிறுத்தினால் மோட்டார் மறுபக்கம் சுற்றி வடத்தைக் கவ்வி இழுக்கும். கவ்வவில்லை என்றால் வடத்தை விரலிடையில் சிறிது உருட்டிப் பாருங்கள்; திசை சரிப்பட்ட கணத்தில் கையில் இருந்து 'வெடுக்'கென்று இழுபடுவது தெரியும். வடத்தோடு கம்பியையும் நேராகப் பிடித்து வழிகாட்டிக்கொண்டே வர வேண்டும், சாய்ந்தால் புதுக் கம்பியே வளைந்துவிடும். கடைசி அங்குலம் உள்ளே போகாவிட்டாலும் பரவாயில்லை, நட்டைப் பூட்டிவிட்டு இன்னொரு முறை ஏற்றி இறக்கினால் தானே அமர்ந்துவிடும். கம்பிக்குக் கிறீஸ் மட்டும் பூசாதீர்கள். நம் ஊர் கிரவல் தூசிக்கும் கிறீசுக்கும் அவ்வளவு ஒட்டுறவு. ஒரு மாதத்தில் உள்ளே களி பிடித்துவிடும். மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.

ஏ9 பயணி எழுதியது:

மேலே எழுதிய அண்ணாவின் விளக்கத்தில் குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் எதிர்ப்பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். முப்பது வருடத்து மோட்டாரில் புதுக் கம்பியைப் போட்டால், அடுத்து மோட்டார் போகும், அதன் பிறகு ரிலே போகும். காட்டுப் பக்கம் ஓடும் கார்களில், ஒழுங்கையில் தாழ்ந்து நிற்கும் கொப்பு ஒன்று போதும், புதுக் கம்பியும் வளைந்துவிடும். நான் என்னுடைய காரில் யூனிற்றைக் கழற்றிவிட்டு, கையால் இழுத்து நீட்டும் சாதாரணக் கம்பி அன்ரெனாவைப் பூட்டிக்கொண்டேன். முழு நீளத்துக்கு நீட்டினால் அது பிடிக்கும் அலை பவர் அன்ரெனாவுக்குச் சற்றும் குறைந்ததல்ல. காரை நிறுத்தும்போது இறங்கி ஒரு கையால் அமுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் வில்லங்கம்.

அப்படிச் செய்ய நினைப்பவர்கள் இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும். பவர் அன்ரெனாவின் ஓட்டை பெரியது, புதியதன் கழுத்து மெலிந்தது, ஆகவே பொருத்தமான ரப்பர் வொசர் இல்லாமல் பூட்டினால் மாரி மழையில் டிக்கிக்குள் தண்ணீர் இறங்கி, உதிரி ரயர் கிடக்கும் பள்ளம் குளமாகிவிடும். மற்றது, கழற்றிய மோட்டாரின் வயர்களை வெறுமனே தொங்க விடக்கூடாது. அதில் ஒன்று எப்போதும் மின் உள்ள வயர். ஒவ்வொன்றையும் தனித்தனியே ரேப் சுற்றிக் கட்ட வேண்டும்.

சுறா மீனின் செட்டை போன்ற வடிவத்தில் கூரையில் ஒட்டும் அன்ரெனாக்களைப் பற்றி ஒரு வார்த்தை: கடையில் மலிவாக விற்கும் பலவற்றுக்குள் ஒன்றுமே இல்லை, வெறும் பிளாஸ்ரிக் ஓடுதான். அழகுக்கு வேண்டுமானால் ஒட்டிக்கொள்ளலாம்.

மத்திய அலை எழுதியது:

குளக்கட்டு ஐயாவின் அப்பாவுக்காகவே இதை எழுதுகிறேன். அந்தச் சின்ன ரப்பர் அன்ரெனா யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள்.

எப்.எம். 100 மெகாஹேர்ட்ஸ் அளவில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீற்றர். அதன் காற்பங்கு 75 சென்ரிமீற்றர். முழுதாக உயர்ந்த கார் அன்ரெனா ஏறக்குறைய அந்த அளவில் இருப்பது தற்செயல் அல்ல. ஒரு சாண் ரப்பர்த் துண்டு, கொக்காவில் போன்ற பெரிய கோபுரத்தின் காலடியில் வேலை செய்யும், ஏனென்றால் 174 மீற்றர் உயரக் கோபுரத்துக்கு அருகில் எந்தக் கம்பித் துண்டும் வேலை செய்யும். 1990இல் போரில் அழிந்த அந்தக் கோபுரம் 2011இல் மீண்டும் எழுந்த பிறகு, ஏ9 வீதியை ஒட்டியவர்கள் அன்ரெனாவைப் பற்றிக் கவலைப்படுவதையே விட்டுவிட்டார்கள். உட்புறக் கிராமங்களில் நிலைமை அப்படி இல்லை.

மத்திய அலையில் கதை இன்னும் கடுமை. திருச்சியின் 936 கிலோஹேர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 320 மீற்றர். அந்த அலைக்கு முன்னால் எந்தக் கார் அன்ரெனாவும் துரும்புதான். ஆகவே கம்பியில் குறையும் ஒவ்வொரு சாணும் நேராக ஓசையில் குறையும். திருச்சி நமக்குப் பகலிலேயே எடுப்பதற்குக் காரணம், மத்திய அலை தரையை ஒட்டிப் பரவுவதும், உப்புக் கடல் வறண்ட நிலத்தைவிட அந்த அலையை நன்றாகக் கடத்துவதும்தான். கடலைக் கடந்து வந்த அலையை வீட்டு வாசலில் வைத்துத் தவறவிடுவது நியாயமில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வன்னி ஆட்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கம்பியை மாற்றும்போதே செய்ய வேண்டிய இன்னொரு வேலை உண்டு, பலர் அதைச் செய்வதில்லை. அன்ரெனாவின் கழுத்து மட்காட் தகட்டை உலோகத்தோடு உலோகமாகத் தொட வேண்டும்; காரின் உடம்பும் அன்ரெனாவின் மறுபாதிதான். ஓட்டையின் உட்புற விளிம்பில் துருவோ பெயின்றோ இருந்தால் உப்புத்தாளால் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் தகடு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, பூட்டிய பிறகு மேலே பெற்றோலியம் ஜெலி பூசுங்கள். அதன் பின் மின் சோதிக்கும் மல்டிமீற்றரை எடுத்து, வானொலிக்குப் பின்னால் போகும் அன்ரெனா வயரின் நடு ஊசிக்கும் கம்பியின் நுனிக்கும் இடையில் தொடர்பு இருக்கிறதா என்றும், நடு ஊசிக்கும் காரின் உடம்புக்கும் இடையில் தொடர்பு இல்லாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது சோதனையில் மீற்றர் கத்தினால், வயருக்குள் ஏதோ ஓரிடத்தில் நசுங்கி ஒன்றோடொன்று தொடுகிறது. புதுக் கம்பி போட்டும் இரைச்சல் தீராது.

அந்த வயர் பழுதாகி இருந்தால் வீட்டுத் தொலைக்காட்சி வயரை வெட்டி ஒட்டுவதும் நம் பக்கத்து வழக்கம். எப்.எம்.க்கு அது சமாளிக்கும். மத்திய அலை அந்த வயரிலேயே பெரும்பகுதி வடிந்துவிடும். கார் அன்ரெனா வயரின் நடுக்கம்பி மயிரிழைபோல் மெலிந்து, சுற்றிலும் காற்று இடைவெளியோடு இருப்பது அந்த வடிதலைக் குறைப்பதற்குத்தான். கார் அன்ரெனாவுக்கென்று விற்கும் நீட்டிப்பு வயரையே வாங்குங்கள்.

குளக்கட்டு எழுதியது:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. நட் கழன்றுவிட்டது. வானொலியைப் போட்டு இழுத்தபோது வடம் வந்தது, ஆனால் முழுதாக அல்ல. ஏறக்குறைய ஒரு முழம் உள்ளேயே அறுந்து நின்றுவிட்டது. வந்த பகுதியின் பற்கள் ஒரு பக்கம் மழுங்கி, மீன் முள்ளை உருவியது போல இருக்கின்றன. பஞ்சிகாவத்தையில் தெரிந்தவர் ஒருவர் மூலம் கம்பி வடத்தோடு கிடைக்கும் என்று சொல்கிறார்கள். உள்ளே நிற்கும் துண்டை எப்படி எடுப்பது? இன்னொன்று, யூ.எஸ்.பி.யில் பாட்டுக் கேட்கும்போதும் என் காரில் கம்பி உயர்ந்துதான் நிற்கும். குரங்கு வந்த அன்றும் நான் வானொலி கேட்கவில்லை, பாட்டுத்தான் ஓடியது. இதைத் தவிர்க்க வழி உண்டா?

பரந்தன் வயரிங் எழுதியது:

அந்தத் துண்டை மேலே இருந்து கம்பி விட்டுக் கிண்ட வேண்டாம். யூனிற்றை வெளியே எடுப்பதுதான் சரி. டிக்கியின் இடது பக்கத்து உறையைக் கழற்றினால் யூனிற்று முழுவதும் தெரியும். மோட்டார் சொக்கட், அன்ரெனா வயர், தாங்கியைப் பிடித்திருக்கும் போல்ட் ஆகியவற்றைக் கழற்றி, அடியில் தரைக்கு இறங்கும் ரப்பர்க் குழாயையும் உருவிவிட்டுக் கீழ்ப்பக்கமாக எடுங்கள். மோட்டாரோடு ஒட்டி, வட்டமான பிளாஸ்ரிக் உறை ஒன்று இருக்கும். வடம் சுருண்டு கிடக்கும் இடம் அதுதான். மூடியின் திருகாணிகளைக் கழற்றி, மூடியைச் சட்டென்று தூக்காமல் மெல்ல நெம்புங்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் பற்சில்லும் மெல்லிய வொசர்களும் மூடியோடு ஒட்டிக்கொண்டு வந்து நிலத்தில் உருண்டுவிடும். திறந்தவுடன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். துண்டை எடுத்து, நைலோன் தூளையும் பழைய கறுத்த கிறீசையும் மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் துடைத்து, பற்சில்லுக்கு மட்டும் வெள்ளைக் கிறீஸ் கொஞ்சம் வைத்து மூடலாம். நான் கம்பிக்குத்தான் கிறீஸ் வேண்டாம் என்றேன், உள்ளிருக்கும் பற்சில்லுக்கு வேண்டும். பற்சில்லின் பல்லே உடைந்திருந்தால் மட்டும், ஏ9 பயணி சொன்ன வழி உங்களுக்கு நியாயமாகிவிடும்.

அந்த ரப்பர்க் குழாயை ஊதிப் பாருங்கள். கம்பி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேறும் வழி அதுதான். குளவி மண் வைத்து அடைத்திருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். அடைத்தால் தண்ணீர் மோட்டாருக்குள் தேங்கும், பிறகு 'முப்பது வருடத்து மோட்டார்' என்று வயதின் மேல் பழி விழும். நன்றாக வடிந்தால் தண்ணீரால் மோட்டார் பழுதாகும் வாய்ப்புக் குறைவு.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. பெரும்பாலான பிளேயர்களுக்குப் பின்னால் இரண்டு வயர்கள் இருக்கும்: முழு நீல நிறம் ஒன்று, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஒன்று. வெள்ளைக் கோடு போட்டது ஆம்பிளிபையருக்கு உரியது, பிளேயர் எந்த வேலை செய்தாலும் அதில் மின் இருக்கும். முழு நீலம் அன்ரெனாவுக்கு உரியது, பல பிளேயர்களில் வானொலியைக் கேட்கும்போது மட்டுமே அதில் மின் வரும். உங்கள் காரில் அன்ரெனாவின் கட்டளை வயரை வெள்ளைக் கோட்டு வயரில் சேர்த்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். பிளேயரை வெளியே இழுத்து, முழு நீல வயரில் மல்டிமீற்றரை வைத்து, வானொலியிலும் யூ.எஸ்.பி.யிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். வானொலியில் மட்டும் 12 வோல்ட் காட்டினால் கட்டளை வயரை அதற்கு மாற்றிவிடலாம். இரண்டிலும் காட்டினாலோ, அல்லது உங்கள் பிளேயரில் ஒரே ஒரு நீல வயர்தான் இருந்தாலோ, கட்டளை வயரின் நடுவில் ஒரு சின்ன சுவிட்சை டாஷ்போர்டின் கீழ் பூட்டிக்கொள்ளுங்கள். வீட்டு முற்றத்தில் பாட்டுக் கேட்கும்போது சுவிட்சை நிறுத்திவிட்டால் கம்பி உள்ளேயே கிடக்கும். வவுனியாவுக்குப் போகும் அன்று அப்பாவே அதைப் போட்டுக்கொள்வார்.